இன்னும் கொஞ்சம் ஏத்து

"அவ குரலைக் கொஞ்சம் ஏத்துடா!" என்று கத்தினாள் அம்மா, காதில் மாட்டிய ஹெட்போனைக் கழற்றாமலே.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மகனுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. மருமகள் குரலை ஏற்றச் சொல்வது அம்மாவா?

துணிக்கொடியில் யார் துணி வெயில் பக்கம் என்று தொடங்கிய சண்டை. மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சு நின்று மாசக்கணக்காகிறது. கூடத்துக்கும் சமையலறைக்கும் தூது போயே மனிதர் பாதியாக இளைத்துவிட்டார். தங்கை புதிதாகத் தையல்கடை திறக்கிறாள். "அம்மாவும் அண்ணியும் சேர்ந்து பாடித் தரணும், சாயங்காலம் கடையில போடணும்" என்று அவள் அடம்பிடித்ததால்தான் இருவரும் படுக்கையறையில் ஆளுக்கொரு மைக் முன்னால், ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு பாடினார்கள். பதிவானதைக் கணினியில் சரிசெய்து அனுப்புவது அவர் பொறுப்பு. பாட்டு நன்றாக அமைந்தால் வீட்டில் பேச்சு திரும்பும். சொதப்பினால் ஆயுசுக்கும் தூதுதான்.

ஏற்றினார். அடுத்து மனைவி வந்து ஹெட்போனை மாட்டிக் கேட்டாள்.

"ஏங்க, எனக்கு எதுக்கு இவ்வளவு சத்தம்? கடைசி அடியில அத்தை ஒரு இழுப்பு இழுப்பாங்களே, அதுதான் நல்லாக் கேக்கணும். அவங்களை ஏத்துங்க."

அதையும் ஏற்றினார். சத்தம் அளவு மீறிவிட்டதென்று கணினித் திரையில் சிவப்பு எரிந்தது. பாட்டு, தகரத்தில் ஆணியால் கீறினாற்போலக் கரகரத்தது.

லிமிட்டரைப் போட்டார். எந்தச் சத்தமும் ஓர் அளவுக்குமேல் தலைதூக்காதபடி தட்டி உட்காரவைக்கிற சாமான் அது. தட்டிய தட்டில் இரண்டு பேரும் மெத்தைக்கு அடியில் மாட்டிக்கொண்டு பாடுவதுபோல் ஆயிற்று.

"எங்கடா அவ?" என்றாள் அம்மா. "ரெண்டாவது சரணத்துல மேலே போவாளே, பாவம், அந்த இடம் அமுங்கிப்போச்சே!"

சரி என்று கம்ப்ரஸரைப் போட்டார். பெரிய சத்தத்தை அமுக்கி, சின்னச் சத்தத்தைத் தூக்கிவிடும் என்று எங்கோ படித்திருந்தார். தூக்கித்தான் விட்டது. மனைவியின் வளையல், அம்மா எச்சில் விழுங்கியது, மின்விசிறி, பக்கத்து வீட்டுத் தும்மல், ஒன்று பாக்கியில்லை. நடுவே "ம், இப்பப் பாடுங்க" என்று அவர் கிசுகிசுத்தது இடியாக இறங்கியது.

"பாட்டைவிட நீங்கதாங்க எடுப்பா இருக்கீங்க," என்றாள் மனைவி.

அவர் பல்லைக் கடித்தார். கடையில் லென்ஸை மாற்றி மாற்றிக் கேட்கிற கேள்வியே வாயில் வந்தது. "இது தெளிவா இருக்கா? இல்ல, இதா?"

"அவ தெளிவா இல்லடா."

"அத்தை தெளிவா இல்லீங்க."

இடது காதில் அம்மா, வலது காதில் மனைவி என்று பிரித்துப் பார்த்தார். அம்மா இடது பக்கத்தைக் காதிலிருந்து நகர்த்தினாள். "என்னை நானே எதுக்குடா கேக்கணும்? அவளை ரெண்டு காதுலயும் விடு." அடுத்துக் கேட்ட மனைவி வலது பக்கத்தை நகர்த்தினாள்.

தங்கை போன் செய்தாள். "அண்ணே, ஸ்பீக்கர் கட்டி, தெருவே கூடியாச்சு. பாட்டு எங்க?"

"இங்க ரெண்டு பேரும் விட்டுக்கொடுத்தே என்னைக் கொல்றாங்க, இரு!"

போனை வைத்தார். போட்டதையெல்லாம் பிடுங்கி எறிந்தார். அம்மா கேட்ட இடத்தில் மனைவியையும், மனைவி கேட்ட இடத்தில் அம்மாவையும் உச்சத்துக்கு ஏற்றினார். அந்த இரண்டு இடமும் துல்லியமாக விழும்படி மற்றதையெல்லாம் அடக்கினார்.

இரண்டு பேரும் கேட்டார்கள். ஒரே நேரத்தில் இரண்டு முகமும் மலர்ந்தன.

"இதுதான்டா! இப்ப அனுப்பு," என்றாள் அம்மா.

"ஒண்ணும் மாத்தாதீங்க," என்றாள் மனைவி.

அனுப்பினார். கூடத்துக்கு வந்து, செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த அப்பா பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"உயிரே போயிடுச்சுப்பா. ஆனா பாருங்க, அம்மா அவளை ஏத்துங்கறாங்க, அவ அம்மாவை ஏத்துங்கறா. இவ்வளவு பாசத்தை வெச்சுக்கிட்டா பேசாம இருந்தாங்க?"

அப்பா தலைநிமிராமலே சொன்னார்: "பாசமாவது, அசடே! உன் பொண்டாட்டி சுருதி தப்பின இடம் ஊருக்கே கேக்கணும்னு உங்கம்மாவும், உங்கம்மா சுருதி தப்பின இடம் ஊருக்கே கேக்கணும்னு உன் பொண்டாட்டியும் காலையிலேர்ந்து ஒத்தைக்கால்ல நிக்கிறாங்கடா!"