அபாயமில்லாத பொழுதுபோக்கு

மோட்டார் சைக்கிள் பந்தய வீரர்களுக்கும் ஓய்வு தேவை என்பதை மோட்டார் சைக்கிள் பந்தயச் சம்மேளனம் தனது முப்பத்தோராவது ஆண்டில் கண்டுபிடித்தது. கண்டுபிடித்த கையோடு அதற்கு ஒரு தனிப் பிரிவையும், பிரிவுக்கு ஓர் அதிகாரியையும், அதிகாரிக்கு ஒரு மின்விசிறியையும் ஏற்பாடு செய்தது.

காரணம் இல்லாமல் இல்லை. பந்தயம் நடக்கும் ஒன்பது மாதத்தைவிட, நடக்காத மூன்று மாதத்தில்தான் வீரர்கள் அதிகமாக எலும்பை உடைத்துக்கொள்கிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பு சொல்லியிருந்தது. ஒருவர் ஒட்டடை அடிக்க ஏறி, ஏணியோடு இறங்கினார். இன்னொருவர் அக்கா பிள்ளையின் சறுக்குப் பலகையில் "சும்மா ஒரு தடவை" என்று ஏறி, ஆறு வாரம் படுத்தார். மணிக்கு இருநூறு கிலோமீட்டரில் போகிறவனை வீட்டில் உட்காரவைத்தால் அவன் கைகால் சும்மா இருக்குமா?

ஆகவே சுற்றறிக்கை வந்தது. "ஓய்வுப் பருவத்தில் ஒவ்வொரு வீரரும் அபாயமற்றதும் அங்கீகரிக்கப்பட்டதுமான ஒரு பொழுதுபோக்கை மேற்கொண்டு, உரிய பதிவேட்டைப் பராமரித்து, ஆய்வில் தேர்ச்சி பெற்றாலொழிய, அடுத்த பருவத்துக்கான லைசென்ஸ் புதுப்பிக்கப்பட மாட்டாது."

இந்தச் சுற்றறிக்கை பதினேழாம் நம்பரின் கைக்கு வந்தபோது அந்தக் கை கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. பதினோரு வருஷமாக அதைச் சொல்லி வங்கியில் மட்டும்தான் கூப்பிடுகிறார்கள். மற்றபடி மாமியார்கூட "பதினேழு சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்பார். அந்தப் பதினோரு வருஷத்தில் அவர் ஒருமுறைகூட முதலாவதாக வந்ததில்லை. நான்கு தடவை இரண்டாவது. நான்கு தடவையும் முதலாவதாக வந்தது எட்டாம் நம்பர். இப்போது முடிந்த பருவத்தின் கடைசிப் பந்தயத்தில், கடைசி வளைவில், எட்டை உள்பக்கமாக முந்தப் போய் இரண்டு பேரும் சேர்ந்தே புரண்டார்கள். எட்டுக்கு மணிக்கட்டு முறிந்தது, பதினேழுக்கு வலது தோளின் காறை எலும்பு.

பத்து வாரத்தில் கூடிவிடும் என்றார் டாக்டர். அடுத்த பருவத்தின் முதல் பந்தயம் பதினாலாவது வாரம். "வயசு முப்பத்தாறு ஆச்சு. முதல் பந்தயத்துல நீங்க வரிசையில நிக்கலைன்னா வண்டியை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்" என்று அணி முதலாளி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். எலும்பைப் பற்றிப் பதினேழுக்குக் கவலை இல்லை. லைசென்ஸை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

பொழுதுபோக்கு அதிகாரி மேஜைமேல் பட்டியலை விரித்து வைத்திருந்தார்.

"லேட்டா வந்திருக்கீங்க. ஒரு பொழுதுபோக்குக்கு மூணு பேர்தான். மீன் தொட்டி முடிஞ்சிருச்சு. தபால்தலை முடிஞ்சிருச்சு. செஸ்ஸும் முடிஞ்சிருச்சு."

"ஆஸ்பத்திரியில படுத்திருந்தேன் சார்."

"அதுக்கு அங்கேயிருந்து ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்தா, லேட்டா வந்ததை மன்னிக்கலாம். மீன் தொட்டி காலியாகாது."

"வேற என்னதான் சார் இருக்கு?"

"எம்பிராய்டரி. அதுலயும் ஒரே ஒரு இடம்."

"வலது கை கட்டுல இருக்கே சார்."

அதிகாரி விதிப்புத்தகத்தை எடுத்து இரண்டு பக்கம் படித்தார். "இடது கையால தைக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்ல."

"மத்த ரெண்டு இடம் யாரு?"

"முப்பத்தொண்ணு. அப்புறம் எட்டு."

"எட்டா?" பதினேழு நிமிர்ந்து உட்கார்ந்தார். "கையெழுத்து எங்க சார் போடணும்?"

பதினேழின் மனைவி பிசியோதெரபிஸ்ட். ஊசி, நூல், துணியை இழுத்துப் பிடிக்கும் வளையம் எல்லாவற்றோடும் வீட்டுக்குள் வந்தவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"விரலை அசைக்கணும்னுதான் சொன்னேன். பூப் போடணும்னு சொல்லலையேங்க."

பதிவேட்டைப் பிரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அது சம்மேளனத்தின் பழைய பந்தயப் பதிவேடு. மேலே "பந்தயம்" என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டுப் "பொழுதுபோக்கு" என்று ரப்பர் முத்திரை குத்தியிருந்தார்கள். பதினேழு அதிகாரிக்குப் போன் செய்தார்.

"சார், இதுல 'சுற்று நேரம்'னு ஒரு கட்டம் இருக்கு."

"ஆமா. பழைய பதிவேடு ஐயாயிரம் மிச்சம் கிடக்கு. வீணாக்க முடியுமா?"

"எம்பிராய்டரியில சுற்று ஏது சார்?"

"ஒரு பூ ஒரு சுற்றுன்னு வச்சுக்குங்க."

"'பெற்ற இடம்'னு இருக்கே?"

"அதையும் நிரப்பணும். காலியா விட்டா ஆய்வுல தள்ளிடுவாங்க."

"தனியா உக்காந்து தைக்கிறவன் எத்தனாவது இடம் சார்?"

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "மத்த ரெண்டு பேரையும் கூப்பிட்டு ஒண்ணா உக்காந்து தையுங்க. யார் முன்னால முடிக்கிறாங்களோ அவங்க முதல் இடம். இதெல்லாம் ஒரு அதிகாரியா சொல்லிக் குடுக்கணும்?"

அப்படித்தான் பதினேழின் கூடத்தில் வாரத்தில் மூன்று நாள் எம்பிராய்டரி நடந்தது. முதல் நாள் மூவரும் சிரித்துப் பேசிக்கொண்டு தைத்தார்கள். இரண்டாம் நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் எட்டு ஒரு தையல் ஆசிரியையைப் பயிற்சியாளராகக் கூட்டிக்கொண்டு வந்தான். பதினேழு சும்மா இருப்பாரா? தன் மெக்கானிக்கை வரவழைத்தார்.

"அண்ணே, ஊசிக் காதை அரைச்சுப் பெரிசாக்கிட்டேன். நூல் கோக்கறதுல நாலு செகண்ட் மிச்சம்" என்றான் மெக்கானிக். "வளையத்துலயும் கொஞ்சம் எடையைக் குறைச்சிருக்கேன்."

மனைவி துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ரோஜான்னீங்க. முட்டைக்கோஸ் மாதிரி இருக்கு."

"ஆறு நிமிஷம் பன்னெண்டு செகண்டுல போட்ட ரோஜா" என்றார் பதினேழு. அவர் குரலில் பெருமை வழிந்தது.

பத்தாவது வாரம் டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, எலும்பு புதுசு மாதிரி இருக்கிறது என்றார். பதினேழு அன்று வீட்டுக்கு வந்ததும் வலது கைக்கு ஊசியை மாற்றினார். ஆறு நிமிஷம் ஐந்தாகக் குறைந்தது.

பன்னிரண்டாவது வாரம் சம்மேளனத்தின் கூட்ட அறையில் ஆய்வு. இருபது பூ. கொடியசைத்துத் தொடங்க வேண்டும் என்று பதிவேட்டில் இருந்ததால் அதிகாரி கொடியோடு நின்றார். மூவருக்கும் அலுவலகத்தின் சக்கரம் வைத்த நாற்காலிகள்.

இங்கேதான் ஒன்றைச் சொல்ல வேண்டும். பந்தயக்காரனின் உடம்பு வளைவைக் கண்டால் சாயும். அவன் வேண்டாமென்றாலும் சாயும். பூவின் இதழோ வளைவைத் தவிர வேறொன்றும் இல்லை. வலது இதழுக்கு மூன்று பேரும் வலது பக்கம் சாய்ந்தார்கள், இடது இதழுக்கு இடது பக்கம். பத்தாவது பூவுக்குள் முழங்கால்கள் தரையை உரசத் தொடங்கின. அதிகாரி இதைக் கவனித்தார். ஆனால் முழங்காலைப் பற்றிப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

இருபதாவது பூ, கடைசி இதழ். எட்டு முழங்கையை அகட்டினான். பதினேழு உள்பக்கமாகப் புகுந்தார். நாற்காலி அதன் வழியில் போனது, பதினேழு அவர் வழியில் போனார். அவர்மேல் எட்டு, எட்டின்மேல் முப்பத்தொன்று. முப்பத்தொன்றின் ஊசி யாருடைய தொடையில் இறங்கியது என்பது பிறகுதான் தெரிந்தது.

அதிகாரி முதலில் குனிந்து துணியை எடுத்துப் பார்த்தார். "தையல் பூர்த்தி. பதினேழு, தேர்ச்சி, முதல் இடம்." எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டுவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

அதே காறை எலும்பு. இந்தத் தடவை இரண்டு இடத்தில். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து பதினேழு, பக்கத்தில் மனைவி இருக்கிறாள் என்றுகூடப் பார்க்காமல் அழுதார். பதினோரு வருஷம் மழையிலும் எண்ணெயிலும் வழுக்கி விழுந்தபோதெல்லாம் அழாதவர். பந்தயத்துக்குப் பதினாலு நாள் இருந்தது.

அவர் மட்டும் என்றால் பரவாயில்லை. எல்லோர் கையிலும் அதே பதிவேடுதானே? மீன் தொட்டிக்காரர்கள் யார் முதலில் தண்ணீர் மாற்றுவது என்று தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி முதுகைப் பிடித்துக்கொண்டார்கள். செஸ் ஆடியவர்களுக்குக் கடிகாரத்தை அடித்தே விரல் முறிந்தது. தபால்தலைக்காரர் ஒருவர் நாக்கு வீங்கிப் படுத்தார். மருத்துவக் குழு அறிக்கை கொடுத்தது: முப்பத்து மூன்று வீரர்களுக்கும் பொழுதுபோக்கில் தேர்ச்சி, முப்பத்து மூன்று பேருக்கும் உடற்தகுதி இல்லை.

பந்தயம் நின்றுபோகும் என்று யாராவது நினைத்திருந்தால், அவர்களுக்குச் சம்மேளனத்தைப் பற்றித் தெரியாது. மெக்கானிக்தான் செய்தியோடு வந்தான்.

"அண்ணே, ரேஸ் நடக்குதாம்."

"யாருடா ஓட்டுறது?"

"யாரும் இல்ல. தகுதி இல்லாதது உங்களுக்குத்தானே? வண்டிக்குத் தகுதிச் சான்று இருக்கு. 'இது மோட்டார் சைக்கிள் பந்தயமே தவிர மனிதப் பந்தயம் அன்று'ன்னு செயலாளரே கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டாரு. சிறப்பு விருந்தினரைக் கூப்பிட்டாச்சாம், மாத்த முடியாதாம்."

பந்தய நாளன்று வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்து வரிசையில் நிறுத்தினார்கள். வரிசைக்கு ஓர் அடிப்படை வேண்டுமே? பொழுதுபோக்குகளை அகரவரிசைப்படி வைத்தார்கள். எம்பிராய்டரி முந்திக்கொண்டது. முதலில் பதினேழு, அடுத்து எட்டு, அப்புறம் முப்பத்தொன்று. தன் வண்டி ஆளில்லாமல் அங்கே நிற்பதைப் பார்க்கப் பதினேழுக்குப் பொறுக்கவில்லை. கட்டுப் போட்ட வீரர்களுக்கென்று ஒதுக்கிய மேடையில், கம்பியைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

கொடி அசைந்தது. ஒன்றும் அசையவில்லை. இருபது சுற்றுக்கு நாற்பத்திரண்டு நிமிஷம் என்று விதி; செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். முதல் பத்து நிமிஷம் ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். அடுத்த பத்து நிமிஷம் கொறித்தார்கள். பிறகு யாரோ ஒருத்தர், "பதினேழுதான்யா இன்னும் முன்னால இருக்கு" என்றார். பக்கத்திலிருந்தவர் எட்டிப் பார்த்து, "ஆமா, எட்டு ஒட்டிக்கிட்டே நிக்குது பாரு" என்றார். அவ்வளவுதான், ஒரு பக்கம் முழுக்க எழுந்து நின்றுவிட்டது. "விட்றாதே பதினேழு!"

பதினேழு தலையைத் தூக்கினார். முப்பதாவது நிமிஷம் லேசாகக் காற்று வீசியது. எட்டின் வண்டி ஒரு கணம் ஆடியதுபோல் இருந்தது. பதினேழு பாதி எழுந்துவிட்டார். கடைசி ஐந்து நிமிஷம் அவர் கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டார்.

கட்டம் போட்ட கொடி இறங்கியது. முதல் இடம், பதினேழாம் நம்பர். விபத்தே இல்லாத முதல் பந்தயம் என்று செயலாளர் ஒலிபெருக்கியில் தழுதழுத்தார். சிறப்பு விருந்தினர் கோப்பையைக் கொடுக்க, பதினேழு இடது கையால் வாங்கித் தலைக்குமேல் தூக்கினார். வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. உடம்பெல்லாம் புல்லரித்தது.

மறுநாளே எட்டு மேல்முறையீடு செய்துவிட்டான். காற்று அடித்தபோது தன் வண்டியின் முன்சக்கரம் இரண்டு விரற்கடை முன்னால் போனதாகவும், அது முறைப்படி முந்தியதாகக் கருதப்பட வேண்டும் என்றும் நான்கு பக்கம் எழுதியிருந்தான். சம்மேளனம் விசாரணைக் குழு அமைத்தது. பதினேழு இரண்டு வாரம் ஊண் உறக்கமில்லாமல் புகைப்படங்களைச் சேகரித்தார், மெக்கானிக்கைச் சாட்சிக்குத் தயார் செய்தார்.

விசாரணை நாள் காலையில், புகைப்பட ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிய கணவரை மனைவி வாசலில் நிறுத்தினாள்.

"ஏங்க, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நீங்க அந்த வண்டியை ஓட்டவே இல்லையேங்க."

பதினேழுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அவன் மட்டும் ஓட்டினானா?"