மாமனாரின் குட்டிப் பொக்லைன்

கடைசிக் குமிழி மேலே வந்து உடைந்த பிறகு, குளம் ஒன்றுமே நடக்காததுபோல் அமைதியாகிவிட்டது. கரையில் முழங்கால்வரை சேற்றோடு நின்ற குனிஹிரோ, இன்னொரு குமிழியாவது வராதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். வரவில்லை. மாமனாரின் மஞ்சள் நிறக் குட்டிப் பொக்லைன், கூரை முதல் சங்கிலிவரை முழுசாக உள்ளே போய்விட்டது.

அவனைத் தோண்டச் சொன்னது மேல் வாய்க்காலைத்தான். அன்று காலை மனைவி தோமிகோவையும் கூட்டிக்கொண்டு நீர்ச் சங்கத்துக்காரர்களோடு வெந்நீர் ஊற்றுச் சுற்றுலாவுக்குக் கிளம்பிய மாமனார் ஷிகெமாட்சு, கழுத்துக் கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்தார். கொடுத்த பிறகும் அதை விட மனமில்லாமல் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"மேல் வாய்க்கால் மட்டும். குளத்துப் பக்கம் இதைக் கொண்டு போகாதே. புரியுதாப்பா?"

"புரியுது மாமா."

குனிஹிரோ வீட்டோடு மாப்பிள்ளை. நகரத்தில் எழுதுபொருள் கடையில் வேலை பார்த்தவன், அங்கே சதோமியைக் கண்டு, காதலித்து, அவள் குடும்பப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டு இந்தச் சனுகி கிராமத்துக்கு வந்து சேர்ந்தான். வந்ததிலிருந்து அவன் கைக்குக் கிடைத்தது துடைப்பமும் புல் வெட்டும் கருவியும்தான். மாமனார் வாயிலிருந்து 'மாப்பிள்ளை' என்ற சொல் ஒரு தடவைகூட வந்ததில்லை. "ஏம்ப்பா" என்பார், கோபமாக இருந்தால் அதுவும் இல்லை, இருமுவார்.

வாய்க்கால் வேலையை ஒழுங்காக முடித்தால் அடுத்த நடவிலிருந்து வயலையும் மிஷினையும் அவனிடமே விட்டுவிடலாம் என்று மாமனார் அத்தையிடம் சொன்னாராம். சதோமி ஒட்டுக்கேட்டு வந்து சொன்னாள். அன்றிரவு குனிஹிரோவுக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. வயலுக்கு ஆசைப்பட்டல்ல, அந்த மனுஷன் வாயால் ஒரே ஒரு தடவை 'பரவாயில்லையே' என்று கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஆசைதான் கெடுத்தது. வாய்க்கால் வேலை மதியத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. கீழே குளத்து மடைவாயில் சேறு அடைத்துக் கிடந்தது. அந்தக் குளத்தை வற்றவைத்துத் தூர்வாரியதாக யாருக்கும் நினைவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் சங்கத் தலைவரான மாமனாரே 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டுவிடுவார். கேட்காமலே மடையைச் சுத்தம் செய்து வைத்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று குனிஹிரோ நினைத்தான். கரை வேறுவிதமாக நினைத்தது. நல்லவேளை, வழுக்கும்போதே குதித்துவிட்டான்.

உதவிக்கு ஓடி வந்தவர் மலையடிவாரத்து மொகி. அவரும் ஊருக்குப் புதுசுதான். மரம் இழுக்கும் லாரி வைத்திருந்தார். மின்சார வேலை தெரியும் என்று அவரே சொல்லிக்கொள்வார். வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

நீண்ட மூங்கிலை விட்டுக் குளத்தைத் துழாவினார்கள். விழுந்த இடத்தில் வெறும் சேறு. கொஞ்சம் தள்ளி 'டங்' என்றது.

"இங்க விழலையே அண்ணே."

"சேத்துல எது தம்பி ஒரே இடத்துல நிக்கும்? கொக்கியைப் போடு."

லாரி முக்கி முனகி இழுத்தது. இருட்டுவதற்குள் சேற்று உருண்டை ஒன்று கரையேறி, முற்றம்வரை இழுபட்டு வந்தது. அதற்குள் பொக்லைன் இருக்கிறது என்பதை நீட்டிக்கொண்டிருந்த கையை வைத்துத்தான் நம்ப வேண்டியிருந்தது. சதோமி வாசலில் நின்று பார்த்தாள்.

"அப்பா நாளைக்குச் சாயங்காலம் வந்துடுவாரு. தெரியுமில்ல?"

"தெரியும்."

"சும்மா ஞாபகப்படுத்தினேன்," என்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் நீரைப் பீய்ச்சியடித்துக் கழுவினார்கள். சேறு போனது. கூடவே பெயிண்ட்டும் செதில் செதிலாக உதிர்ந்தது. பளிச்சென்றிருந்த மஞ்சள், வெளிறிய மஞ்சளாகிவிட்டது. சீட்டுக்கு அடியிலிருந்து சிவப்பு இறால்கள் குடும்பத்தோடு இறங்கி நடந்தன.

"ஒரு மதியத்துல குடித்தனமே வெச்சிருச்சே அண்ணே."

"வாடகையில்லாத வீடுன்னா நான்கூட யோசிக்காமப் போயிருவேன். நீ அந்தப் பிரஷரைக் குறை. பெயிண்ட் போனது உன்னாலதான்."

விழும்போது மிஷினிலேயே விட்ட சாவியைக் காணவில்லை. சேற்றில் போயிருக்கும் என்று, மாமனாரின் மேஜை இழுப்பறையில் கிடந்த சாவிகளை அள்ளி வந்து, பொருந்திய ஒன்றை நுழைத்தான். எண்ணெய் விட்டு, தட்டி, கெஞ்சி, ஒருவழியாகத் திருப்பினான். விளக்கில்லை, சத்தமில்லை.

"பேட்டரி காலி," என்றார் மொகி, டாக்டர் நாடி பார்ப்பதுபோல் வயரைப் பிடித்துக்கொண்டு. "உங்க குட்டி லாரியோடதைக் கழட்டு."

கழற்றி மாட்டினார்கள். சாவியைத் திருப்பியதும் சீட்டுக்குப் பின்னாலிருந்து புகை வந்தது. புகை நின்றபோது குட்டி லாரியின் பேட்டரியும் உயிரை விட்டிருந்தது.

"நல்லதுதான்," என்றார் மொகி. "கரண்ட் எங்கயோ போயிருக்குன்னு தெரிஞ்சுதுல்ல? ஃபியூஸைப் பாரு."

ஃபியூஸ் பெட்டியைத் திறந்தால் எல்லாம் பச்சைப் பாசியாக ஒட்டிக்கிடந்தன. அந்தக் குளத்துத் தண்ணீரிலா இத்தனை நாள் சோற்று நெல் விளைந்தது என்று குனிஹிரோ மூக்கைச் சுளித்தான். டிராக்டரிலிருந்து நல்ல ஃபியூஸ்களைப் பிடுங்கி, மொகியின் லாரியிலிருந்த இரண்டு பேட்டரிகளில் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். ஃபியூஸ்கள் வரிசையாக, அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக எரிந்தன. நடவு மிஷினில் இருந்ததையும் போட்டார்கள். அதுவும் போனது.

"வயருக்குள்ள ஈரம் இருக்கு. காய வைக்கணும்."

அந்த வீட்டில் எதையும் காய வைக்க இருந்தது ஒன்றுதான்: மெத்தைக்கு அடியில் குழாயை விட்டுச் சூடான காற்று ஊதும் மிஷின். அத்தை குளிர்காலத்தில் அதைக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொள்வாள். குனிஹிரோ அதன் குழாயைப் பொக்லைனின் வயிற்றுக்குள் நுழைத்து, மேலே போர்வையைப் போர்த்தினான். இன்னொரு பக்கம் சதோமியின் தலைமுடி உலர்த்தியைப் பிடித்துக்கொண்டான்.

"காய்ச்சல்காரனுக்குப் பண்ற மாதிரி பண்றீங்களே," என்றாள் சதோமி. "எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒரு கஞ்சி வெச்சுக் கொடுக்கல."

"வெச்சேனே."

"அது கஞ்சியா? நான் ஏதோ பசைன்னு நினைச்சேன்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் வீட்டில் மின்சாரம் போனது. உள்ளே போய்ச் சுவரிலிருந்த பிரேக்கரைத் தூக்கிவிட்டாள். மறுபடி விழுந்தது. மூன்றாவது முறை அது தூக்கவே வரவில்லை. அதற்குள் மெத்தை காய வைக்கும் மிஷினும் ஒரு மடக்குச் சேற்றை உறிஞ்சி, விக்கி, நின்றுபோயிருந்தது.

வேறு வழியில்லாமல், பொக்லைன் விற்ற கடையின் மெக்கானிக்குக்கு போன் போட்டான் குனிஹிரோ. ஞாயிற்றுக்கிழமை என்பதால் அவன் எங்கேயோ உதோன் நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டே பேசினான்.

"தண்ணியில எவ்வளவு நேரம் சார் கிடந்துச்சு?"

"அரை நாள்கூட இல்லப்பா."

"அட, அதுக்கா பயப்படுறீங்க? புது மாடல் சார் அது. கனெக்டருக்கெல்லாம் ரப்பர் உறை இருக்கு. துடைச்சுட்டு வேற பேட்டரி போடுங்க, சிட்டாப் பறக்கும்."

"ரப்பர் உறையா? அப்படி ஒண்ணும் காணோமே."

"இருக்கும் சார். நல்லாப் பாருங்க."

நன்றாகப் பார்த்தார்கள். இல்லை. பெயிண்ட்டோடு அதையும் பீய்ச்சியடித்து விட்டோமோ என்று குனிஹிரோ முற்றத்துச் சேற்றில் மண்டியிட்டு ரப்பர் தேடினான். மொகி அதற்குள் கடைசி வைத்தியத்துக்குத் தயாராகிவிட்டார்.

"பெட்டி, வயர் எதுவும் வேணாம். நேரா ஸ்டார்ட்டர் மோட்டாருக்கே கரண்ட் கொடுத்துரலாம்."

தன் லாரியை வாசலுக்கு நடுவே நிறுத்தி, மிச்சமிருந்த இன்னொரு பேட்டரியிலிருந்து தடித்த கேபிளை இழுத்துக் கொண்டுவந்து தொட்டார். நீல வெளிச்சம் ஒன்று வந்தது. மொகியின் புருவத்தில் பாதி போனது. லாரியும் ஒரு முறை குலுங்கி, அப்படியே வாசலை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது.

இப்போது வீட்டில் ஓடாதவை: பொக்லைன், குட்டி லாரி, டிராக்டர், நடவு மிஷின், மொகியின் லாரி, பிரிட்ஜ். குனிஹிரோ படியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். அழுகை வந்தது, மொகி இருந்ததால் அடக்கிக்கொண்டான்.

சதோமி துணிப்பையோடு வந்து நின்றாள். சைக்கிளில் கடைத்தெருவுக்குப் போய் வந்திருந்தாள்.

"யோகான் வாங்கிட்டு வந்திருக்கேன்."

"பிஸ்கட் போதாதா?"

"பிஸ்கட்டெல்லாம் லேட்டா வந்ததுக்குக் கொடுக்கறது. குளத்துல பொக்லைனை விட்டதுக்குக் கனமா ஏதாவது கொடுக்கணும். பெரிய கட்டியாப் பார்த்து ரெண்டு வாங்கினேன். தூக்கிப் பாருங்க."

தூக்கிப் பார்த்தான். பயறும் சர்க்கரையும் கெட்டியாக இறுகிய இனிப்பின் கனம். மன்னிப்பு கேட்கிற கனம்தான். சட்டையை மாற்றிக்கொண்டு, பொக்லைன் மேல் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு, அதன் முன்னால் மண்டியிட்டு ஒத்திகை பார்த்தான்.

"இன்னும் கீழ," என்றாள் சதோமி. "நெத்தி தரையில படணும்."

"படுதே."

"மூக்குதான் படுது."

சுற்றுலா வண்டி சாலையிலேயே நின்றுவிட்டது. வாசலில் லாரி இருந்தது. மாமனார் மட்டும் சந்தேகத்தோடு முன்னால் வேகமாக நடந்து வந்தார். அத்தை தோமிகோ, பின்னால் சங்கத்துப் பெண்களுக்கு ஒவ்வொருவராக விடை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

குனிஹிரோ யோகான் பெட்டியை முன்னால் தள்ளி, நெற்றியைத் தரையில் வைத்தான்.

"மன்னிச்சிருங்க மாமா. உங்க பேச்சைக் கேட்காம குளத்துப் பக்கம் போயிட்டேன். மிஷின் உள்ள விழுந்துடுச்சு. ஆனா வெளிய எடுத்துட்டேன்."

தார்ப்பாய் விலகும் சத்தம் கேட்டது. இருமல் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. மெல்லத் தலையைத் தூக்கினான். மாமனாரின் முகத்தில் வெந்நீர் ஊற்றுச் சிவப்பெல்லாம் இறங்கி, உதடு வெளுத்திருந்தது.

"இதை... குளத்துலேர்ந்தா எடுத்தே?"

"ஆமா மாமா."

"யாரெல்லாம் பார்த்தாங்க?"

"மொகி அண்ணனும் சதோமியும் மட்டும்தான்."

மாமனார் சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு தார்ப்பாயை இழுத்துப் போர்த்தி, நான்கு மூலையையும் தானே இறுக்கினார்.

"மூடு. சீக்கிரம் மூடு. அத்தை கண்ணுல பட வேணாம்."

"நானே அத்தைகிட்டச் சொல்லி மன்னிப்பு..."

"வேணாம் மாப்பிள்ளை. அவகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன். மனுஷன்னா தப்பு நடக்கத்தான் செய்யும். எழுந்திரிங்க மாப்பிள்ளை, முட்டி வலிக்கும். அடுத்த நடவுலேர்ந்து வயல் உங்களோடது. எல்லாம் உங்களோடது."

குனிஹிரோ எண்ணிப் பார்த்தான். மாப்பிள்ளை. அதுவும் இரண்டு தடவை. இத்தனை நாள் இருமலுக்குப் பின்னால் இப்படி ஒரு மனசை ஒளித்து வைத்திருந்தாரே என்று, அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் ஒரேயடியாக வந்தது. மாமனார் குனிந்து அவன் தோளைத் தொட்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. பார்த்துக்கொண்டிருந்த மொகி, பாதிப் புருவத்தைத் துடைத்துக்கொண்டார்.

இவர்கள் இருவரும் தழுதழுத்துக்கொண்டிருந்தபோது, அத்தை பைகளோடு லாரிக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்து வந்து, தார்ப்பாயின் மறுமூலையைத் தூக்கிப் பார்த்தாள். பொக்லைனின் பின்பக்கத்தில் இருந்த பழைய சொட்டையில் விரலை வைத்துத் தடவினாள்.

"என் சமையல்கட்டுச் சுவத்துல இடிச்ச சொட்டை. இது நீங்க வர்றதுக்கு முன்னாடி திருடு போயிருச்சுன்னு உங்க மாமா போலீஸ்வரைக்கும் போய் எழுதிக் கொடுத்த பழைய மிஷின் ஆச்சே. புதுசு எங்க?"