மேஜருக்குச் சீப்புப் போட்ட மாப்பிள்ளை

தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளப் பழக வேண்டிய வயதில்தான் ஒருவனை மாப்பிள்ளையாக்கி உட்கார வைத்துவிடுகிறார்கள். அவன் எதைச் சொன்னாலும் நாலு பேர் தலையாட்டுகிறார்கள். என் விஷயத்தில் ஒரு நாயும் தலையாட்டியது. (அது வேண்டாம் என்றுதான் ஆட்டியிருக்கிறது. எனக்குத்தான் புரியவில்லை.)

யுத்த காலம். எனக்கு மஞ்சக்குப்பத்தில் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா வேலை. கல்யாணமான முதல் கோடையில், மனைவி கோமதியோடு சிதம்பரத்தில் இருந்த மாமனார் வீட்டுக்குப் போயிருந்தேன். மாமனார் ரயில்வேயில் ரிட்டையர் ஆனவர். அவருடைய துரை சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன நாய் ஒன்று அங்கே இருந்தது. பெயர் மேஜர். உடம்பெல்லாம் சடை சடையாக வெள்ளை முடி. சிதம்பரத்துச் சித்திரை வெயிலில் அந்த முடி கொட்டாமல் என்ன செய்யும்? ரசத்தில் முடி, பாயில் முடி, மாமனாரின் விபூதித் தட்டிலும் முடி. போதாததற்குத் தெள்ளுப்பூச்சி வேறு. வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டே கணுக்காலைச் சொறிந்தார்கள்.

நான் போன இரண்டாம் நாள் மாமியார் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"இந்த வூட்ல ஒண்ணு அது இருக்கணும், இல்லன்னா நான் இருக்கணும். பெண்ணாடத்துல என் தம்பி கரும்புக் கொல்லைக் காவலுக்கு நாய் கேட்டுக்கினு இருக்கான். வெள்ளிக்கிழமை அனுப்பிடுங்க."

மாமனார் மேஜரின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குள்ளிருந்த மாப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டான்.

"அனுப்ப வேணாம் அத்தை. ஒரே நாள்ல முடி கொட்டுறதையும் நிறுத்துறேன், தெள்ளையும் ஒழிக்கிறேன். நாய் வளர்ப்பெல்லாம் எனக்கு அத்துப்படி."

(எதிர் பங்களா பட்லர், தன் துரையின் நாய்க்கு பிரஷ் போட்டதை ஆபீஸ் ஜன்னல் வழியாக இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான் என் அனுபவம். அதுவரை எந்த நாயையும் தொட்டதுகூட இல்லை.)

மறுநாள் காலை அண்டா நிறைய வேப்பிலையைக் கொதிக்கவைத்து ஆறவிட்டேன். மச்சான் சபாபதி கிணற்றடியில் மேஜரைப் பிடித்துக்கொண்டார். சீயக்காய் தேய்த்து, வேப்பந்தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினேன். மேஜர் ஒரு சிலுப்புச் சிலுப்பியது. அதைவிட எனக்குத்தான் நல்ல குளியல். ஆனாலும் தெள்ளு பாதி செத்து மிதந்தது. மீதி மயங்கி முடிக்குள்ளேயே கிடந்தது. அதைச் சீவித்தான் எடுக்க வேண்டும்.

"கீழ சீவுனா முடியெல்லாம் வூட்டுக்குள்ள வரும், மச்சான். மொட்டை மாடிக்குப் போவோம்" என்றேன். அந்த யோசனை முழுக்க முழுக்க என் சொந்த மூளையில் உதித்தது.

ஈரம் காய்ந்ததும், கோமதியின் கல்யாணச் சீர் மரச்சீப்பை எடுத்து ஆரம்பித்தேன். மேஜருக்கு ஏக சுகம். நாலு காலையும் தூக்கி மல்லாந்துவிட்டது. முடி கொத்துக் கொத்தாக வந்தது.

"தலகாணியப் பிரிச்ச மாதிரி வருதே மச்சான்!" என்றார் சபாபதி.

"பாத்துக்குங்க. எல்லாம் கைப்பக்குவம்" என்றேன்.

உச்சிப் பொழுதில் கிழக்கேயிருந்து கடல்காற்று கிளம்பியது. சீவிப் போட்ட முடி தானாகவே எழும்பிப் பறந்தது. பெருக்குகிற வேலையும் மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். எங்கே பறக்கிறது என்று திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

மேற்கே அடுத்த மாடி தாயாரம்மாளுடையது. நடுவில் இடுப்புயரக் கைப்பிடிச் சுவர்தான். மகள் வள்ளியின் வைகாசிக் கல்யாணத்துக்காக அன்று விடிந்ததும் ஆறு வேட்டி நிறைய கூழ் வடகம் பிழிந்திருந்தார். அது பாதி காய்ந்து, தொட்டால் ஒட்டும் பதத்தில் இருந்தது.

தாயாரம்மாளும் வள்ளியும் மாடியேறி வந்தார்கள். தாயாரம்மாள் குனிந்து பார்த்தார்.

"யாருடி இதுல எள்ளு போட்டது?"

வள்ளியும் குனிந்தாள். "எள்ளு இல்லம்மா. குதிக்குது."

"எள்ளு எங்கனா குதிக்குமாடி?"

"அப்ப தெள்ளும்மா!"

இருவரும் நிமிர்ந்தார்கள். நான் கையில் சீப்போடு நின்றேன். அந்த மாடியில் ஒவ்வொரு வடகத்துக்கும் வெள்ளைத் தாடி முளைத்திருந்தது.

சத்தம் கேட்டு மாமனார் ஓடி வந்தார். மாப்பிள்ளையைத் திட்ட முடியுமா? வடகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னிக்குக் காத்து கொஞ்சம் ஜாஸ்திதான், மாப்ளே" என்றார்.

தாயாரம்மாளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. "ஒங்க மாப்ள ஒங்களுக்குத்தான் ஒசத்தி! கல்யாணப் பந்தியில நாய் மயிரையா வைப்பேன்? ரேஷன் அரிசி! மூணு மாசமா வாயக் கட்டி மிச்சம் புடிச்சது!"

அதையாவது தாங்கியிருப்பேன். வள்ளி சுவரோரம் திரும்பி நின்று அழ ஆரம்பித்துவிட்டாள். என் வீராப்பெல்லாம் அந்த நிமிஷமே இறங்கிவிட்டது.

"அழாதம்மா. அத்தனையும் நானே பிழிஞ்சு தரேன்" என்றேன்.

மாமியார் வீட்டு அரிசிப் பானை அடுத்த மாடிக்கு இடம் மாறியது. எங்கள் வீட்டில் கேழ்வரகுக் களி. அதைக் கிண்டும்போது கோமதிக்குப் பதிலாகக் கரண்டிதான் பேசியது.

மூன்று நாள், அந்த வெயிலில், தாயாரம்மாள் குடையோடு உட்கார்ந்து அதட்ட அதட்ட, கூழ் கிண்டிப் பிழிந்தேன். முதல் நாள் கூழ் தண்ணீராக ஓடியது. இரண்டாம் நாள் அச்சைவிட்டு வெளியே வர மறுத்தது. உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. தெருவில் போனவர்களெல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். மூன்றாம் நாள் தாயாரம்மாள் ஒரு வடகத்தை உடைத்துப் பார்த்துவிட்டு, வள்ளியிடம் எனக்கு மோர் கொடுக்கச் சொன்னார். வைகாசிப் பந்தியில் என் வடகம்தான் பொரிந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. பெண்ணாடத்துப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. "நாயாவது தனக்கு எல்லாம் தெரியும்னு சொல்லல" என்று மாமியார் கோமதியிடம் சொன்னாராம்.

பிறகு பல வருஷம் கழித்து, திருவந்திபுரத்தில் என் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. பந்தியில் சம்பந்திக்குப் பக்கத்து இலையில் சபாபதி. இந்தக் கதையைக் கை கால் வைத்து, கூடத்துக்கே கேட்கும்படி சொல்லி முடித்தார். சம்பந்தி தன் இலையிலிருந்த வடகத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே இரண்டு கறுப்புப் புள்ளி.

"சீரகம், சம்பந்தி" என்றேன்.

அவர் மரியாதையாகச் சிரித்து, அதை இலையின் ஓரத்தில் வைத்துவிட்டார்.