மௌத்தான மரைக்காருக்கு நான் கண்டுபிடித்த நோய்

கல்முனையில் ஹோர்மோன் நோயை முதன்முதலில் கண்டுபிடித்த ஆள் நான்தான். (பொய். கண்டுபிடித்தவர் டொக்டர். நான் அவருடைய டிஸ்பென்சரியில் போத்தல் கழுவியவன். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் நாலாம் வகுப்போடு பேச்சு முறிந்துவிட்டது.)

எழுபதுகளின் கடைசி அது. டொக்டருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. பின்னேரம் நோயாளிகள் ஓய்ந்ததும் பழைய சரித்திரப் புத்தகங்களை விரித்து வைத்துக்கொண்டு, எந்தக் காலத்திலோ செத்துப்போன ராசா ராணிகளுக்கு வைத்தியம் பார்ப்பார். இந்த ராசாவின் தாடை அளவுக்கு மிஞ்சி வளர்ந்திருக்கிறது, மூளைக்கு அடியில் கச்சான் கடலை போல ஒரு சுரப்பி உண்டு, அதில் கோளாறு இருந்திருக்கலாம் என்பார். அந்தத் தளபதிக்குக் கண் பிதுங்கிக் கழுத்து வீங்கியிருக்கிறது, தைரொயிட் சுரப்பி கூடியிருக்கலாம் என்பார். நோயாளி எழும்பி வந்து மறுக்கப் போவதில்லை என்பதால், இதைவிட நிம்மதியான வைத்தியம் உலகத்தில் இல்லை. கேட்டுக் கேட்டு நானும் படித்துவிட்டேன். அவர் சொன்ன அந்த ‘இருக்கலாம்’ மட்டும் என் காதில் தங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து எனக்குக் கலியாணம் பேசினார்கள். பெண்ணை எனக்கு முன்பே தெரியும். இருமல் மருந்துக்குத் தாயோடு வந்தவள், நான் வரிசை நம்பரை மாற்றிக் கூப்பிட்டதற்கு ஒரு சிரிப்புச் சிரித்தாள். அன்று தொடங்கி எனக்குச் சோறு இறங்கவில்லை. இவள் இல்லையென்றால் வேறு கலியாணமே வேண்டாம் என்று உம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் வாழ்வான். ஆகவே பெண்ணுக்குக் கொடுக்கிற வீட்டைப் பார்க்க மாப்பிள்ளை பகுதியார் போவார்கள். மாப்பிள்ளை போவதில்லை. நான் போனேன். (கூரை ஒழுகுமா என்று பார்க்கத்தான். திரைக்குப் பின்னால் ஒரு துண்டுச் சிரிப்பாவது கேட்காதா என்றும்.)

முன்மண்டபத்தில் ஒரு பெரிய படம் தொங்கியது. துருக்கித் தொப்பி போட்ட மனிதர். மௌத்தாகி, மண்ணுக்குள் போய் எத்தனையோ காலம். பெண்ணின் குடிக்கு, அதாவது தாய்வழி வம்சத்துக்கு, முதல் மரைக்கார் அவர்தான். பள்ளிவாசலில் குடிக்காகப் பேசுகிற அந்தப் பதவியில் இப்போது இருப்பவர் பெண்ணின் தாய்மாமன். அவர்தான் எங்களை உட்கார வைத்துப் பெரியவரின் வீரத்தைச் சொல்லத் தொடங்கினார்.

பெரியவர் சண்டைக்குப் போய் முழித்துப் பார்த்தால் வெள்ளைக்காரத் துரையே தலையைக் குனிவாராம். நான் கண் பிதுக்கம் என்று குறித்துக்கொண்டேன். ஆறு பேர் ஒன்றாகச் சாப்பிடுகிற சஹன் தட்டைத் தனியாளாக முடிப்பாராம், ஒரு பிடி சதை வைக்காதாம். மாரி மழையிலும் வேர்த்துக் கொட்டுமாம். கோபம் வந்தால் கை நடுங்குமாம். ஒவ்வொன்றுக்கும் நான் டொக்டரைப் போலத் தலையை ஆட்டினேன். மாப்பிள்ளைக்கு எவ்வளவு மரியாதை என்று மாமா குளிர்ந்துபோனார்.

“என்ன மகன், படத்தையே பாக்கிறீங்க?”

“பெரியவருக்குக் கழுத்துல இரிக்கிற தைரொயிட் சுரப்பி கூடிப் போய் இரிக்கி மாமா. கண்ணும் அதுதான், கோவமும் அதுதான். நேரத்துக்கு மருந்து குடுத்திருந்தா, தொரையோட சண்டைக்கே போயிரிக்க மாட்டாரு.”

உம்மா என் தொடையில் கிள்ளினா. மாமா முழித்தார். அப்போதுதான் கவனித்தேன், படத்தில் இருந்த அதே கண். சமாளிக்க வேண்டுமே.

“பயப்படாதீங்க மாமா. அது தாய்வழியாத்தான் வாற. இவரு ஆம்புளதானே, இவரோட முடிஞ்சி.”

(டொக்டர் அப்படிச் சொன்னதே இல்லை. எங்கள் ஊரில் குடியும் வீடும் வளவும் தாய்வழியாகத்தானே வருகின்றன, நோய் மட்டும் வேறு பாதையாலா வரும் என்று நானே முடிவு கட்டியது.)

“எங்கட குடியும் தாய்வழிதான், தம்பி” என்றார் மாமா. ‘மகன்’ என்று கூப்பிட்டவர் ‘தம்பி’க்கு இறங்கிவிட்டார்.

ஒரே வாயால் உயிரோடு இருக்கிற ஒரு குடி முழுவதற்கும் நோயைக் கொடுத்துவிட்டேன். மாமா எழும்பினார். வேறு இடம் பாருங்கள் என்று உம்மாவிடம் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார். உம்மா முந்தானையை வாயில் வைத்தா. என் பிதுங்கிய கண்ணைப் பார்க்க அங்கே டொக்டர் இல்லை.

அப்போது திரைக்குப் பின்னால் இருந்து அவள் குரல் வந்தது.

“மாமா, அவருக்கிட்ட ஒண்டு கேளுங்க. வாய் நிக்காம ஓடுறது எந்தச் சுரப்பி கூடினா வாற வருத்தம்?”

உள்ளே பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். (இந்தக் கேள்வியை ஊரார் இன்றைக்கும் சந்தைக்கு நடுவில் என்னை நிறுத்திக் கேட்கிறார்கள்.) மாமா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு காலில் செருப்போடு நின்றார். கை மெதுவாக அவருடைய கழுத்துக்குப் போய்த் தடவியது. பிறகு திரும்பி வந்து, என் காதுக்குக் கிட்டக் குனிந்து அவர் என்ன கேட்டார் என்றால்…

திரைக்குப் பின்னால் கேட்ட அதே குரல், இப்போது எங்கள் வீட்டுக் குசினியில், அடுப்புக்கு முன்னால் இருந்து:

“இஞ்ச, எழுதினது போதும். மரைக்கார் மாமா வந்திரிக்காரு. கழுத்துல திரும்பவும் என்னமோ தட்டுப்படுதாம். டொக்டரெல்லாம் வேணாமாம், நீங்கதான் பாக்கணுமாம். சேட்டப் போட்டுட்டு வாங்க.”