நிலா ஒரு நாள், பனி மறுநாள்

இமயமலையில் எந்தச் சரிவு எவ்வளவு வெள்ளை என்று போத்தனூரில் உட்கார்ந்தபடியே சொல்லக்கூடிய ஆள் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான். அவர் பனியைக் கண்ணால் கண்டதே கிடையாது. ஒருமுறை ஊட்டிக்குக் கிளம்பி, மேட்டுப்பாளையத்திலேயே குளிர்கிறது என்று பஸ்ஸை விட்டு இறங்கி வீடு திரும்பியவர்.

பால்காரர், கீரைக்காரர் மாதிரி அவர் பனிக்காரர். எங்கள் ஆபீசுக்குக் கீழே இருந்த பேக்கரி மாஸ்டர் வைத்த பெயர். நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. வெளிநாட்டு ஆராய்ச்சி நிலையம் ஒன்று செயற்கைக்கோள் அளவுகளை எங்களுக்கு அனுப்பும். நாங்கள் அட்டவணை போட்டுத் திருப்பி அனுப்புவோம். பகலில் சூரிய வெளிச்சத்திலும் இரவில் நிலா வெளிச்சத்திலும் பனி எவ்வளவு வெள்ளையாக இருக்கிறது, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. ஒத்துப்போனால் யாருக்கு என்ன என்று முதல் நாளே கேட்டேன். பனி அழுக்கானால் சீக்கிரம் உருகுமாம், உருகினால் ஆற்றில் தண்ணீராம். நான் படித்தது பி.காம். புரிந்த மாதிரி தலையை ஆட்டினேன். அங்கே இருந்த மூன்று வருடமும் அந்தத் தலையாட்டலை நிறுத்தவில்லை.

பனிக்காரரும் இதையெல்லாம் காலேஜில் படித்தவரில்லை. துணி வெளுக்கும் ஆலையில் இருபது வருடம் மீட்டர் வைத்து வெண்மையை அளந்தவர். ஆலையை மூடியதும் எங்கள் மேனேஜர் மேடத்திடம் வேலை கேட்டு வந்தார்.

"சேட்டிலைட் பத்தித் தெரியுமுங்களா?" என்று மேடம் கேட்டார்.

"தெரியாதுங்க. வெள்ளை தெரியுமுங்க."

மேடம் என்ன நினைத்தாரோ, வேலை கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஆபீசில் வெள்ளையாக எதையும் வைக்க முடியவில்லை. வாட்ச்மேன் வேட்டி, பேக்கரிப் பன்னின் உட்புறம், சுவர்ப் பல்லியின் முட்டை, எல்லாவற்றுக்கும் மீட்டர் வைத்தார். ஒரு நாள் என் தயிர்சாதத்தைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஓரம் போனார். பிறகு அதோடு மேஜைக்கு அடியில் புகுந்து செல்போன் டார்ச்சை அடித்தார்.

"ஏனுங்க, அது என் சாப்பாடுங்க!"

"சித்த இருங்க அம்மணி. எவ்வளவு வெளிச்சம் வருதுங்கறது கணக்கில்லீங்க. வந்ததுல எத்தனை பங்கைத் திருப்பித் தருது, அதுதான் வெள்ளை. வெயில்லயும் டார்ச்சுலயும் ஒரே பங்கைத் தருதுங்க உங்க சோறு." டிபன் பாக்ஸை மரியாதையாக நீட்டினார். "நல்ல தயிருங்க."

காங்கேயம் விஷயம் இதைவிட மோசம். அங்கே களங்களில் தேங்காய்ப் பருப்பை ஏக்கர் கணக்கில் காயப் போட்டிருப்பார்கள். நம் பக்கத்தில் பனிக்குப் பதிலாக நிற்க அதைவிட்டால் வேறு ஆள் இல்லை என்று முடிவு செய்து பஸ் ஏறிப் போய், மத்தியானம் முழுக்கக் களத்தின் நடுவில் மீட்டரும் கையுமாக நின்றிருக்கிறார். களத்துக்காரர் வந்து யார் என்ன என்று விசாரித்திருக்கிறார்.

"மேல போற சேட்டிலைட்டுக்கு உங்க தேங்கா எப்படித் தெரியுதுன்னு பார்க்கறேனுங்க. நிலா வந்ததும் இன்னொருக்கா வாரேனுங்க."

பொழுது சாய்வதற்குள் களத்துக்காரர் களம் முழுக்கத் தார்ப்பாய் போட்டு மூடி, நாலு மூலைக்கும் ஆளை நிறுத்திவிட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. பகல் அளவுகள் நன்றாக இருக்கின்றன, இரவு அளவுகள் சிரிப்பாய்ச் சிரிக்கின்றன என்பது சாரம். வளர்பிறை இரவுகளில் பனி மங்கலாக இருந்தது. தேய்பிறை இரவுகளிலோ வந்து விழுந்த வெளிச்சத்தைவிட அதிக வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தது. பனி எங்கேயிருந்து கூடுதல் வெளிச்சம் கொண்டுவரும்? எனக்கு எப்போதும் புரியாது. அந்த முறை மேடத்துக்கும் புரியவில்லை என்பதில் ஒரு ஆறுதல்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா ராத்திரி வேலையவே நிறுத்திருவாங்க. அப்புறம் உங்களை நான் எங்கே வெச்சுக்கறதுங்க?" என்றார் மேடம் பனிக்காரரிடம். பிறகு குரலைத் தாழ்த்தி, "தேய்பிறையில கொஞ்சம் குறைச்சு, வளர்பிறையில கொஞ்சம் ஏத்திப் போட்டுட்டா என்னங்க?" என்றார்.

பனிக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "ஆவாதுங்க மேடம். இருபது வருசத்துல ஒரு புள்ளிய மாத்தி எழுதினதில்லீங்க. வேணுமுன்னா என்னை ஊட்டுக்கு அனுப்பிப்போடுங்க."

வீட்டுக்கு அனுப்பினால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. ஐம்பத்தைந்து வயதில், பனியின் வெண்மை பார்க்க ஆள் தேவை என்று கோயமுத்தூரில் யார் போர்டு மாட்டுவார்கள்?

வியாழக்கிழமை காலை நான் போனபோது, பேக்கரியின் தினசரிக் காலண்டர் தாள்களை மேஜை முழுக்கப் பரப்பி வைத்திருந்தார். பழைய தாள் ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாமல் பப்ஸ் மடிக்க வைத்திருந்த பேக்கரி மாஸ்டர் வாழ்க.

"அம்மணி, இங்க பாருங்க. காலண்டர்ல பௌர்ணமி செவ்வாக்கெழமை. நம்ம அட்டவணையில பனி ரொம்ப மின்னறது புதங்கெழமை. எல்லா மாசமும் இதே கதைங்க. பனி ஒரு நாள் பிந்தியே வருது." என் பக்கம் திரும்பினார். "தேதி யாருங்க போட்டது?"

தேதி போட்டது நான். செயற்கைக்கோளின் கடிகாரம் கிரீன்விச் நேரம் காட்டும். அங்கே செவ்வாய் இரவு எட்டு மணி என்றால் நமக்குப் புதன் அதிகாலை ஒன்றரை. இது இந்திய ஆபீஸ் ஆயிற்றே என்று, யாரும் கேட்காமலே, பதினான்கு மாதத்து இரவுகளுக்கும் இப்படியே தேதியை ஒரு நாள் தள்ளிப் போட்டிருந்தேன். பகலுக்குத் தேதி மாறாது, தப்பித்தது. நிலா எந்தத் தேதியில் எவ்வளவு பிரகாசம் என்ற பட்டியல் மட்டும் கிரீன்விச் தேதியிலேயே இருந்தது.

இதையெல்லாம் பனிக்காரரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "நிலாவ அங்கயே உட்டுப்போட்டு, பனிய மட்டும் இந்தியாவுக்குக் கூட்டியாந்துட்டீங்களே அம்மணி!"

ஒவ்வொரு பனிக்கும் மறுநாள் நிலாவை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறோம். தேய்பிறையில் மறுநாள் நிலா மங்கல், அதனால் பனி அநியாயத்துக்கு வெள்ளை. வளர்பிறையில் தலைகீழ். எனக்கு விளங்குவதற்காக அவர் இரண்டு பன்னை வைத்து இதை நான்கு தடவை நடத்திக் காட்டினார். விளங்கவில்லை. தேதிகளை மட்டும் பின்னுக்குத் தள்ளினேன். சாயங்காலத்துக்குள் பகல் வெள்ளையும் இரவு வெள்ளையும் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன.

மேடம் அட்டவணையைப் பார்த்தார். முதலில் சந்தோஷம், அடுத்த நிமிடமே கோபம். "பதினாலு மாசமா இந்தக் கூத்தா? யாருங்க பண்ணினது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பனிக்காரர் முன்னால் போய் நின்றார். "என்ற தப்புங்க மேடம். நானுதான் அந்தத் தேதியப் போட்டேன்."

அரை மணி நேரம் திட்டு. துணி ஆலைப் புத்தி என்றார் மேடம். அவர் கையைக் கட்டிக்கொண்டு, "ஆமாங்க, ஆமாங்க" என்று வாங்கிக்கொண்டார். வேலை தப்பித்தது. ஆனால் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போன அறிக்கையில் அவர் பெயரை மேடம் சேர்க்கவில்லை. என் பெயர் இருந்தது. 'தேதிகளைச் சரிபார்த்தவர்' என்று, நல்ல கொட்டை எழுத்தில்.

வெளியே வந்ததும் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அழுகையாக வந்தது. "உங்களுக்கு இது மொதல் வேலைங்க அம்மணி" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கக் கீழே போய்விட்டார்.

நான் உள்ளே திரும்பிப் போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயம். மேடம் இது அச்சாகும் பத்திரிகையை வாரம் தவறாமல் வாங்குகிறவர், படிக்கட்டும். மேடம், தேதியைப் போட்டது நான். ஒரு புள்ளியைக்கூட மாற்றி எழுதாத மனிதர் உங்களிடம் சொன்ன ஒரே பொய் அதுதான். அதையும் எனக்காகச் சொன்னார்.