முதலில் ஒரு சின்ன ஜெபம்

தேனியில், போடியில், கம்பத்தில், எந்த பஜாருக்குள் நுழைந்தாலும் இவரைச் சந்திக்காமல் நீங்கள் வீடு திரும்ப முடியாது. இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர், 'முதலில் ஜெபிப்போம்' இனம். தப்பாக நினைக்காதீர்கள். ஜெபத்தோடு எனக்குச் சண்டை கிடையாது. நானும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயில் பெஞ்சைத் தேய்ப்பவன்தான். ஜெபத்துக்குப் பிறகு இவர் என்ன செய்கிறார் என்பதுதான் என் கேள்வி. இவரைக் கேட்டால், பிறகு என்று ஒன்று இருப்பதையே நம்ப மாட்டார்.

உதாரணத்துக்குப் போடி ஏலக்காய் வியாபாரி சுகிர்தராஜ் அண்ணாச்சியை எடுத்துக்கொள்வோம். நம்மைப் போலச் சாதாரணமாக இருந்த மனிதர். போன வருடம் மேகமலையில் 'அன்றாட வாழ்வில் சீஷத்துவம்' என்று ஒரு முகாம் போட்டார்கள். மூன்று நாள் பனிமூட்டத்துக்குள் உட்கார்ந்து சூடான பஜ்ஜியும் பிரசங்கமும் சாப்பிட்டவர், விசுவாசம் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் உரியதல்ல, திங்கள் முதல் சனி வரை கடையிலும் தெருவிலும் நடந்து காட்ட வேண்டியது என்று கற்றுக்கொண்டு இறங்கி வந்தார். பழைய சுகிர்தராஜ் செத்துப்போனார் என்று பஜாரில் அறிவித்தார். தராசில் ஒரு வசனம், குடோன் கதவில் ஒரு வசனம், ஜீப்புக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, குளியலறை கீசரில்கூட ஒன்று ஒட்டினார். சரி, நடந்து காட்டினாரா? அவசரப்படாதீர்கள்.

பக்கத்து வீட்டு அம்மாவாசியின் தகரக் கூரை காற்றில் தூக்கிக்கொண்டபோது, அவர் வந்து அண்ணாச்சியிடம் ஏணி கேட்டார். அண்ணாச்சி அவர் தலையில் கைவைத்துக் கூரைக்காக ஜெபித்தார். அம்மாவாசி நன்றி சொல்லிவிட்டு மறுபடியும் ஏணி கேட்டார். அண்ணாச்சி அவருக்குப் பொறுமை கிடைக்கும்படி ஜெபித்தார். ஏணி அதே சுவரில்தான் சாய்ந்திருந்தது. சொந்தத் தங்கை தன் மகனுக்குக் கடையில் வேலை கேட்டபோது ஜெபித்துச் சொல்கிறேன் என்றார். இப்போது அந்தப் பையன் திருப்பூரில் கல்யாணமாகிக் குழந்தைக்குக் காதும் குத்திவிட்டான். ஆனால் ஏலக்காய் விலை ஏறும் நாளில் மட்டும் கண்ணை மூட நேரமிருக்காது. அன்றைக்குக் கடவுளின் சித்தம் காலை ஆறு மணிக்கே அவருக்குத் தெளிவாகத் தெரிந்துவிடும்.

போன சித்திரையில், மத்தியான வெயிலில் நடந்ததைக் கேளுங்கள். குடோனுக்குப் பின்வீட்டு மகாலட்சுமிக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. புருஷன் மலைக்கு மேலே தோட்ட வேலையில் இருந்தான். தலைப்பிரசவமே சிக்கலாக இருந்ததால், வலி கண்டதும் தேனி பெரியாஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆம்புலன்ஸோ மலைப்பாதையில் ஒரு விபத்துக்குப் போயிருந்தது. அவளுடைய அம்மா பஞ்சம்மாள் மகளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சியின் ஜீப்பிடம் வந்தார்.

அண்ணாச்சி மறுக்கவில்லை. அதைச் சொல்லாவிட்டால் பாவம். கண் கலங்கிப் போனார்.

"இது ஒங்க வண்டி, ஆத்தா. ஏறுங்க. மொதல்ல ஒரு சின்ன ஜெபம் பண்ணிருவோம்."

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. பயண ஜெபம் முடிந்து ஆமென் என்ற சொல் விழாமல் ஜீப் நகரக் கூடாது. டிரைவர் சுருளிராஜன் சாவியில் கைவைத்துக் காத்திருந்தார். அண்ணாச்சியின் மனைவி கிருபாவதி வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் நின்றார். அண்ணாச்சி கண்ணை இறுக மூடி, இரண்டு கையையும் உயர்த்தி, உலகம் உண்டானதிலிருந்து ஆரம்பித்தார். அங்கிருந்து நோவாவின் வெள்ளத்தில் நனைந்து, செங்கடலைத் தாண்டி, வடநாட்டு ஊழியங்கள், நாட்டை ஆளுகிறவர்கள், பருவமழை, ஜீப்பின் நான்கு டயர், ஸ்டெப்னி என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தார். மகாலட்சுமி வலியில் அலறினாள். ஜெபத்துக்கு உருக்கம் கூடுகிறது என்று அவர் இன்னும் குரலை உயர்த்தினார்.

கிருபாவதி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். வீட்டுக்குள் ஓடிப் பழைய சேலைகளையும் வெந்நீர் பிளாஸ்கையும் எடுத்துவந்து, வெறுங்காலோடு ஜீப்பில் ஏறி மகாலட்சுமியை மடியில் சாய்த்துக்கொண்டார். பஞ்சம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏலே சுருளி, வண்டிய எடு."

"ஆமென் சொல்லாம எடுக்கக்கூடாது, ஆத்தா. மொதலாளி வேலைய விட்டு நிப்பாட்டிருவாக."

வருடா வருடம் வீரபாண்டி அம்மன் கோயிலில் தீச்சட்டி எடுக்கிற பஞ்சம்மாள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"ஆமென்டா. எடு."

ஜீப் கிளம்பியது. அந்த உறுமல் அண்ணாச்சிக்குக் கேட்காமலா இருக்கும்? கேட்டது. தம் ஜெபத்தின் வல்லமை என்று நினைத்துக்கொண்டார். தெருமுனையில் சுருளிராஜன் ஹாரனை நீளமாக அடித்தார். சிறிது நேரம் கழித்து அண்ணாச்சி ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது ஜீப் இல்லை, சுருளி இல்லை, தாயும் மகளும் இல்லை, மனைவியும் இல்லை. மனைவியின் செருப்பு மட்டும் தரையில் கிடந்தது.

கடைசி நாளில் எக்காளம் முழங்கும், நல்லவர்கள் நின்ற இடத்திலிருந்தே பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள், மற்றவர்கள் பூமியில் விடப்படுவார்கள் என்று முகாமில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். ஜெபத்துக்கு நடுவே காதில் விழுந்த நீள ஓசை அந்த எக்காளம்தான் என்று அண்ணாச்சி முடிவுகட்டினார். கிருபாவதி போனது நியாயம். தீச்சட்டி எடுக்கிற பஞ்சம்மாளும் பீடி குடிக்கிற சுருளியுமா போவது? செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பாஸ்டர் வீட்டுக்கு ஓடினார். பாஸ்டர் பனியனோடு உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, நீங்களுமா விடப்பட்டீக?"

விவரம் கேட்ட பாஸ்டரின் முகம் வெளுத்தது. அடுக்களைப் பக்கம் திரும்பித் தம் மனைவியை ஜெபஷீலா, ஜெபஷீலா என்று கூப்பிட்டார். பதில் இல்லை. நகவெட்டி கீழே விழுந்தது. விடப்பட்ட இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவும் கூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் மாடிப்படியில் காலடி கேட்டது. காய்ந்த மிளகாயை முறத்தில் அள்ளிக்கொண்டு ஜெபஷீலா இறங்கி வந்தார்.

அவரிடம் அண்ணாச்சி நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் தேனியிலிருந்து கிருபாவதியின் போனே வந்துவிட்டது. அண்ணாச்சிக்குச் சின்னதாகச் சொல்லும் பழக்கம் இல்லை. கிருபாவதிக்கு உண்டு.

"பொம்பளப் பிள்ளை பெறந்திருக்கு. பிள்ளை நல்லா இருக்கு. மகாலட்சுமிக்குத்தான் ரத்தம் நெறையப் போயிருச்சு. ஒடனே ரத்தம் வேணுங்கிறாக. ஒங்க குரூப்புதான்."

அண்ணாச்சியின் கண் தானாக மூடியது. "மொதல்ல ஒரு..." என்று தொடங்கினார்.

"ஜெபத்தை நான் பாத்துக்கிறேன். நீங்க கையக் கொண்டு வாங்க."

போனார். அதையும் சொல்லிவிடுகிறேன். பாஸ்டரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, வழி முழுக்கக் கண்ணைத் திறந்துகொண்டே போனார். மகாலட்சுமி பிழைத்துக்கொண்டாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். கோயிலுக்கோ சபைக்கோ போகிற ஆளில்லை, இந்த இனத்தோடு நமக்கு என்ன ஒட்டு என்று நினைக்கிறீர்கள். உங்கள் போனைக் கொஞ்சம் எடுங்கள். சித்தப்பா படுத்த படுக்கையாகக் கிடக்கிறார், தூக்கி உட்கார வைக்கக்கூட ஆளில்லை என்று குடும்பக் குழுவில் செய்தி வந்ததும், கூப்பிய கைகள் நான்கை வரிசையாகப் போட்டுவிட்டு டிவி பார்க்கப் போனீர்களே, அதற்கப்புறம் போய்ப் பார்த்தீர்களா? அவர் வீடு உங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில்தான் இருக்கிறது.