மோப்பம் அங்கிள் தின்ற ஹாட்யாய் பிஸ்கட்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வேறெந்த மூக்கும் மோப்பம் அங்கிளின் மூக்கு அளவுக்கு உழைத்திருக்காது. போர்ட் கிள்ளானில் கப்பல் சரக்குக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குத்தான், மூக்குக்கு இல்லை. எங்கள் அடுக்குமாடியில் யார் சாம்பிராணி போட்டாலும் கதவைத் தட்டுவார். "என்ன புகை அது? கஞ்சாவா?"

ஒருநாள் அக்கா வாங்கி வந்த வெந்தயக்கீரையை லிஃப்டிலேயே நிறுத்தி முகர்ந்தார். "காம்பு சந்தேகமா இருக்கே."

"சாம்பாருக்கு லா, அங்கிள்!"

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க."

சொன்னது யாரிடம்? அரசாங்க மருத்துவமனை நர்ஸான என் அக்காவிடம்!

கஞ்சாச் செடியின் பூர்வீகமே அவருக்கு அத்துப்படி. "காசியில சாமியாருங்க பாலுல அரைச்சுக் குடிச்சாங்க. வைத்தியருங்க லேகியம் கிண்டுனாங்க. வெள்ளைக்காரன் லைசன்ஸ் குடுத்து வித்தான், அவன் டாக்டரே வலிக்கு எழுதிக் குடுத்தான். கப்பலுக்கு அந்த நாருலதான் கயிறு. அப்புறம் எல்லா நாட்டுக்காரனும் கூடி உக்காந்து ஆகாதுன்னுட்டான். இங்க மலேசியாவுல கடத்துனவன் கழுத்துக்கே கயித்த மாட்டுனாங்க. இப்ப சயாம்காரன் மறுபடி கடை போடுறான். இத்தன தடவ கட்சி மாறுன செடிய எப்படி நம்புறது?"

சயாம்காரன் கடை போட்ட அந்தச் சமயத்தில்தான் எங்கள் குடியிருப்பிலிருந்து எல்லை தாண்டி தாய்லாந்தின் ஹாட்யாய்க்குச் சுற்றுலா பஸ் கிளம்பியது. அவர் வரமாட்டார் என்று நிம்மதியாகப் போனால், முதல் ஆளாக ஏறி உட்கார்ந்திருக்கிறார்! அங்கே வாழைப்பழம் தவிர எதையும் தொடவில்லை. "தோலோட வருது. உள்ள யாரும் கை வச்சிருக்க முடியாது."

கடைசி நாள் காலையில் ஹோட்டலில் தட்டு நிறையப் பச்சை பிஸ்கட் வைத்தார்கள். அக்கா ஒன்றை வாயருகே கொண்டுபோனாள். அங்கிள் பாய்ந்து பிடுங்கினார்.

"பார்டர்ல யூரின் டெஸ்ட் எடுப்பாங்க. மாட்டுனா உன் வேல போயிரும்."

"பாண்டான் எல போட்ட பிஸ்கட் அங்கிள், அதான் பச்ச! பசிக்குது."

"நான் தின்னு பாக்கறேன். எனக்கு ஒண்ணும் ஆகலன்னா நீ எடுத்துக்க."

தின்றார். கொஞ்ச நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டார். "தல சுத்துது. அந்த ஃபேன் என்னையே பாக்குது."

வாழைப்பழத்திலேயே ஓடிய உடம்பை ஃபேன் பார்க்காமல் என்ன செய்யும்? ஆனாலும் பயத்தில் யாரும் பிஸ்கட்டைத் தொடவில்லை. அக்கா கடுப்போடு வெறும் வயிற்றில் பஸ் ஏறினாள்.

எல்லையில் ஓர் அதிகாரி பஸ்ஸுக்குள் வந்தார். வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தவர் அங்கிள் ஒருவர்தான். "பாக்சிக், துருன்" என்று மலாயில் அவரை இறங்கச் சொன்னார். அங்கிள் தனிக்கட்டை. வீட்டுச் சாவியை என் கையில் திணித்தார்.

"பூனையப் பாத்துக்கப்பா. நான் வர நாளாகும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனிதர் நிஜமாகவே ஜெயிலுக்குப் போவதாக நம்பித்தான் இறங்கினார்.

பரிசோதனையில் ஒன்றுமில்லை. திரும்பி வந்தவர் முகத்தில் துளி மகிழ்ச்சி இல்லை. "இல்லன்னு காட்டுது. அந்த டெஸ்ட் மேலயே எனக்குச் சந்தேகம்."

பஸ்ஸே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "கஞ்சான்னு நம்புனீங்கள்ல? பெறகு எதுக்குத் தின்னீங்க? தூக்கிப் போட வேண்டியதுதானே?"

"போட்டா நீ தட்டுலேருந்து இன்னொண்ண எடுத்துத் தின்னுருப்ப, பிடிவாதக்காரி. நான் பென்ஷன்காரன், எனக்கென்ன? நீ திங்கட்கெழம வார்டுக்குப் போகணும்ல?"

அக்கா எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இனிமே எங்க வீட்லதான் நீங்க சாப்பிடணும்."

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். "யாரு சமையல்?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்கும் சேர்த்துத்தான் அரிசி போடுகிறோம்.